வீடு வரும்வரை வலிக்கும்

குழந்தைக்கு ஊசி போடும் நேரத்தில் சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். வலிக்காது. அம்மா சொல்வார், அப்பா சொல்வார், சும்மா துணைக்கு வந்த சித்தப்பாவும் சொல்வார். எங்கள் மருத்துவமனையின் மலாய் நர்ஸ் பெண்கள் அதையே "தக் சாக்கிட், சாயாங், தக் சாக்கிட்" என்று பாட்டாகவே பாடுவார்கள். அந்த அறையில் இந்த மூத்த நர்ஸ் ஒருவர் மட்டும் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைக்காமல், குழந்தையின் கண்ணைப் பார்த்து, "வலிக்கும்" என்பார்.

நான் முதன்முதலில் அதைக் கேட்டபோது கையில் கேமரா வைத்திருந்தேன். ஜோகூர் பாருவுக்கு வெளியே இருந்த அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில், விளம்பரப் பிரிவில் எனக்கு வேலை. நல்லதாக ஏதாவது நடந்தால் படம் பிடித்து, நாலு மொழியில் தலைப்பு எழுதி, ஊருக்குச் சொல்ல வேண்டும். சிரிக்கிற குழந்தை ஒன்றைத் தேடித்தான் வார்டுக்குள் போயிருந்தேன். மாசாயிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள்.

"வலிக்கும்" என்றார் இவர்.

அந்தப் பெண்ணின் அப்பா அவரை முறைத்தார். குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, "எவ்ளோ?" என்று கேட்டது.

"எறும்பு கடிக்கிறத விடக் கூட. கதவுல விரல் நசுங்கறத விடக் குறைவு. உன் வீடு எங்க, மாசாயா? இங்கருந்து எப்படிப் போவ? வழியில வர்ற ஊரெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லு பாப்போம். வீடு வர்ற வரைக்கும்தான் வலிக்கும். அதுக்குள்ள முடிஞ்சிடும்."

குழந்தை தெப்ராவ் என்றது, பிளெந்தோங் என்றது. மாசாய் வருவதற்குள் ஊசி வெளியே வந்து பஞ்சும் ஒட்டியாகிவிட்டது. எனக்குத் தேவையான சிரிப்பு கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். என் மேலாளர் அது வேண்டாம் என்றார்.

நர்ஸை எங்கள் ஊரில் பெரியவர்கள் மிஸ்ஸி என்பார்கள். இளைய நர்ஸ்களை யாரும் இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை. இவரை மட்டும் மருத்துவர்கள்கூட மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால் நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அரசாங்க மருத்துவமனையில் முழு வேலைக் காலத்தையும் முடித்து ஓய்வு பெற்று, பிறகு இங்கே ஒப்பந்தத்தில் வந்தவர். குட்டையான உருவம், பெரிய கைக்கடிகாரம், எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து வம்சம். தோட்டத்துச் சனங்களோடு பழகிப் பழகிப் பேச்செல்லாம் எங்களைப் போல மாறியிருந்தது. 'ஆமாம்' என்பது மட்டும் மாறாமல் 'ஓம்' என்றே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால் எங்கள் வீட்டில் அப்படித்தான் என்பார்.

ஊர்ப் பெயர் விளையாட்டுக்கு அவர் வைத்திருந்த சட்டம் கடுமையானது. வீடு வந்த பிறகு ஊசி உள்ளே இருக்கக் கூடாது. நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், ஊசியை வெளியே எடுத்துவிடுவார். "என் தப்பு. வீடு வந்துருச்சு. மறுபடியும் முதல்லருந்து போலாமா?" என்று கேட்பார். குழந்தை சரி என்று சொன்னால்தான் அடுத்த முறை. மருத்துவமனைக்கு எதிர் வரிசையிலேயே வீடு இருந்த ஒரு வாண்டுக்கு வழியில் ஊரே இல்லை. அவனைக் குளுவாங்கிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அவர் காதில் விழும்படி யாராவது, "சேட்ட பண்ணுனா மிஸ்ஸி வந்து ஊசி போட்டுருவாங்க" என்று பிள்ளையை மிரட்டினால் போச்சு. அந்த அப்பாவையோ அம்மாவையோ வெளியே கூப்பிட்டு, "சேட்ட பண்ணுனதுக்கு நான் ஊசி போடறதில்ல. நோய்க்குத்தான் போடறேன். உள்ள போய் மாத்திச் சொல்லுங்க" என்பார். அவர்கள் அசடு வழிய உள்ளே போய் மாற்றிச் சொல்லும்வரை வாசலிலேயே நிற்பார்.

எல்லா நேரமும் அவருடைய உண்மை நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பெக்கான் நானாஸிலிருந்து வந்திருந்த ஒரு பையன், 'வலிக்கும்' என்று கேட்ட மாத்திரத்தில் கட்டிலிலிருந்து குதித்து ஓடிவிட்டான். பாதுகாவலர்கள், துப்புரவுக்காரர்கள், நான் உட்பட எல்லோரும் தேடினோம். அழுக்குத் துணிக் கூடைக்குள் போர்வையை மூடிப் படுத்திருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் அம்மா மிஸ்ஸியைப் பார்த்துக் கேட்காத கேள்வி இல்லை. மிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் பையனிடம், "ஓடினது தப்பில்ல, பயம் வந்தா ஓடத்தான் தோணும். இப்பவும் வலிக்கும்தான்" என்றார். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், ஏன் மிஸ்ஸி இப்படி என்று கேட்டேன். "பொய் சொன்னா யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வெச்சிக்கணும் பிள்ள. எனக்கு ஞாபகசக்தி கம்மி" என்றார். அவருக்கு வார்டிலிருந்த ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் வழி மனப்பாடம்.

அந்த வருடம் எங்கள் மருத்துவமனைக்கு ஏறுமுகம். பக்கத்திலிருந்த காலி மனையில் புதுக் கட்டடம் எழும்பியது. கட்டில்கள் கூடின. சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வந்தன. கோலாலம்பூரில் ஒரு விருது கொடுத்தார்கள், அதற்கொரு கேக். தரச் சான்றிதழ் வந்தது, அதற்கொரு கேக். "கட்டில் கூடுதுன்னா நோயாளிப் பிள்ளைங்க கூடுதுன்னுதானே அர்த்தம். அதுக்கு ஏன் பிள்ள கேக்கு வெட்டுறீங்க?" என்று மிஸ்ஸி என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பங்கை வாங்கிச் சாப்பிட்டார். இனிப்பு அவருக்குப் பிடிக்கும்.

அந்த வருடத்தின் பெருமையிலெல்லாம் பெரிய பெருமை, ஊசி போடும் முன் தோலை மரக்க வைக்கும் களிம்பும், பொம்மை அறையும், கோமாளி வேஷக்காரரும் சேர்ந்த புதுத் திட்டம். நல்ல திட்டம்தான். களிம்பு தடவிவிட்டு அது பிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது வார்டிலேயே மிஸ்ஸி ஒருவர்தான், மற்றவர்களுக்கு அவசரம். அந்தத் திட்டத்துக்கு நான் ஒரு வாசகம் எழுதினேன். 'இங்கே வலிக்காது.' அதை நாலு மொழியிலும் போட்டு, நுழைவாயிலில் இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கவிட்டோம். வாசகத்துக்கு மேலே தர்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

தர்ஷினி செடெனாக்கிலிருந்து வந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தாள். அப்பா விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அம்மா எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கூலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வேலையை விட்டவர். முதுகெலும்பில் ஊசி போடும் நாள்களில் அந்த அம்மா வார்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நிற்பார். உள்ளே மகளின் குரல் கேட்கும். ஸ்கூடாய். செனாய். கூலாய். செடெனாக்குக்கு முன்னால் சில நாள் குரல் உடைந்துவிடும்.

அப்படி ஒருநாள் அவர் மிஸ்ஸியை வழிமறித்ததை நான் பார்த்தேன்.

"மிஸ்ஸி, நீங்க பெரியவங்க. நான் ஒண்ணு கேட்டா கோவிச்சிக்காதீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வலிக்காதுன்னு சொல்லுங்களேன். நாங்க சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

"நம்புவாதான். அதனாலதான்மா சொல்லல."

"என்னாங்க மிஸ்ஸி, ஒரு வார்த்தைதானே லா."

மிஸ்ஸி கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பேச்சுக்கு யோசிக்கிற மாதிரி இல்லை. "வலிக்காதப்ப சொல்றேன்" என்றார்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "சரி, அன்னைக்கு ஊருக்கே சோறு போடுறேன்" என்றார்.

சிகிச்சை முடிந்தது. தர்ஷினிக்கு முடி கட்டையாக, கறுகறுவென்று முளைத்தது. அவளை அந்தக் கோலத்தில் எடுத்த படம்தான் நுழைவாயிலில் தொங்கியது. திறப்பு விழாவுக்கு அவளே வந்து தன் முகத்துக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, "அலமாக், என் மூக்கு எவ்ளோ பெருசு" என்றாள். மிஸ்ஸியும் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இத யார் எழுதினது?"

"நான்தான் மிஸ்ஸி. நாலு மொழியிலயும்."

"நீ கடைசியா எப்ப ஊசி போட்டுக்கிட்ட?"

"கோவிட் தடுப்பூசி."

"வலிச்சிச்சா?"

"கொஞ்சம்."

அவர் மறுபடியும் மேலே பார்த்தார். "கொஞ்சம்னு ஒரு வார்த்த சேத்திருக்கலாம். இடம் நெறைய இருக்கு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. வருடம் முழுக்க உழைத்து எழுப்பிய ஒன்றை ஒருவர் இப்படி ஒற்றை வார்த்தையில் தட்டிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வராது.

வருடக் கடைசியில் நோய் திரும்பிவிட்டது.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது தெரிந்தது. மருத்துவர் பெற்றோரைத் தனி அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். நம் வீடுகளில் அது புதிதில்லை. நோயைப் பிள்ளையிடம் சொன்னால் பிள்ளையின் மனசு உடைந்துவிடும், மனசு உடைந்தால் உடம்பு தாங்காது என்று நம்புகிறவர்கள் நாம். என் வீட்டிலும் அதையேதான் செய்திருப்பார்கள். மருத்துவரும் கொஞ்ச நாளைக்குச் சரி என்றார். கிருமித்தொற்று, அதனால் படுக்க வேண்டும் என்று தர்ஷினிக்குச் சொல்லப்பட்டது. தன் முகத்துக்குக் கீழே அவள் சக்கர நாற்காலியில் உள்ளே வந்தாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும். மிஸ்ஸி அந்த அறைக்குள் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நிர்வாகம் மறுவார்த்தை பேசாமல் மிஸ்ஸியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியது. மிஸ்ஸியும் எதிர்க்கவில்லை. "நான் போனா அவ கேப்பா. கேட்டா நான் சொல்வேன். போகாம இருந்தா சொல்ல வேண்டியதில்ல" என்றார் என்னிடம். அவர் முகத்தில் நிம்மதி இல்லை.

அந்த வாரம்தான் நான் ஆண்டுச் சாதனைகளைப் பற்றிய படத்தை முடித்தாக வேண்டும். வருடாந்திர விருந்தில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். தர்ஷினியின் காட்சிகள் முன்பே எடுத்தவை. குரல் மட்டும் பாக்கி. "பழைய படத்துக்குத்தானே, நாலு வரி பேசவெச்சு எடுத்துட்டு வா" என்றார் மேலாளர். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு விவரம் முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் மைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தார். தர்ஷினி கையில் குழாயோடு படுத்திருந்தாள்.

"அக்கா, மிஸ்ஸி லீவா?"

"இல்லம்மா. புதுக் கட்டடத்துல வேல."

"புதுக் கட்டடத்துலருந்து இங்க நடந்து வரலாந்தானே?"

"வரலாம்."

"அப்ப ஏன் வரல?"

நான் வேலை அதிகம், புது வார்டு, நிறையக் குழந்தைகள் என்று அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் கிருமி கிருமின்னு சொல்றாங்க. மிஸ்ஸி மட்டும் வந்து சொல்லல. வெறும் கிருமின்னா மிஸ்ஸி வந்து கிருமின்னு சொல்லியிருப்பாங்க. எனக்குத் திரும்ப வந்துருச்சு, அதான?"

அந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பொய் சொல்லாத ஒருவரை ஒளித்துவைத்தால், ஒளித்துவைத்ததே பதிலாகிவிடும் என்று ஒரு ஐந்தாம் ஆண்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நான் மைக்கைப் பைக்குள் போட்டேன்.

"அப்படில்லாம் இல்லம்மா" என்றேன்.

"நீங்க போஸ்டர் எழுதறவங்க. மிஸ்ஸியக் கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். மிஸ்ஸி நேராக அறைக்கு வரவில்லை. முதலில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வரிசையில் நின்றுகொண்டிருந்த அம்மாவைத் தனியாக அழைத்தார்.

"அவளாவே கண்டுபிடிச்சிட்டா. இனிமே நான் போகாம இருக்கறதும் பொய்தான். நீங்களே வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"மாட்டேன்" என்றார் அம்மா. "என் பிள்ளகிட்ட நான் அதச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. உள்ள போனீங்கன்னா நான் புகார் குடுப்பேன் மிஸ்ஸி."

"குடுங்கம்மா" என்றார் மிஸ்ஸி. கோபத்தில் சொல்லவில்லை. அது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

நான் அறை வாசலில் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தர்ஷினியின் கையை எடுத்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, திரும்ப வந்துருச்சா?"

"ஓம்."

"மறுபடியும் முதல்லருந்தா?"

"ஓம். இந்தத் தடவ மருந்து இன்னும் கடும."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"செத்துடுவேனா?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிய வந்தா, நீ கேட்டா, சொல்றேன்."

தர்ஷினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. மிஸ்ஸி அவள் முதுகில் கை வைத்தபடி இருந்தார். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஏதாவது சொல்லுங்களேன், பொய்யாவது சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததும் நல்லதில்லை. தர்ஷினி தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மா ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள், நர்ஸ் ஊட்டினால் சாப்பிடுவாள். அந்த அம்மா நாள் முழுக்க அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்பா பாலத்து நெரிசலைத் தாண்டி, மழைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் புதுக் கட்டடத்துக்குள் வந்து, எல்லோருக்கும் முன்னால் மிஸ்ஸியைக் கேட்டார். "உங்க பிள்ளையா இருந்தா சொல்வீங்களா?"

"எனக்குப் பிள்ள இல்ல. அதனால தெரியல" என்றார் மிஸ்ஸி.

அவர் சரியாகச் செய்தாரா என்று என்னை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. புது மருந்து தொடங்கியபோது தர்ஷினி முரண்டு பிடிக்கவில்லை, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கையை நீட்டினாள் என்பது உண்மை. அவள் அம்மா அந்த நாற்காலியில் இருந்த கோலமும் உண்மை. அதைப் பார்த்தவர்கள் யாரும் மிஸ்ஸி பக்கம் முழுதாக நிற்க முடியாது. கடைசியில் அம்மாவும் மகளும் எப்படிச் சமாதானமானார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் போனபோது ஒரே கட்டிலில் ஒட்டிப் படுத்து, கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்ஸியை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஓய்வு வயதை எப்போதோ தாண்டியவர். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். விருந்துக்கு அவர் வரவில்லை. பெரிய ஹோட்டல் மண்டபத்தில் என் படம் ஓடியது. புதுக் கட்டடம், விருது, யானை, ஒட்டகச்சிவிங்கி, ரிப்பன். தர்ஷினியின் காட்சியை மட்டும் நான் எடுத்துவிட்டிருந்தேன். மேலாளர் ஏன் என்று கேட்டதற்குக் குரல் சரியாக வரவில்லை என்றேன். அந்த இடத்தில் பழைய படம் ஒன்றைப் போட்டேன், மாசாய்ப் பெண் தன் கையைத் திருப்பிப் பார்க்கிற படம். மண்டபமே கைதட்டியது.

நுழைவாயிலில் தொங்கியதை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. அடுத்த வருடத் திட்டத்துக்குப் புதிதாக ஒன்று தயாராகும்வரை அது அங்கேயே இருந்ததாம். அது இறங்குவதற்கு முன்பே நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

தர்ஷினியின் அம்மாவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தபோது அடுத்த வருடம் பாதி கடந்திருந்தது. புது மருந்தும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, மிஸ்ஸி வீடு உங்களுக்குத் தெரியுமா? அவ கேக்குறா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நானும்தான் கேக்குறேன்" என்றார்.

மிஸ்ஸி ஜோகூர் பாருவில் பழைய அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தார். நான் போய்ச் சொன்னதும் எதுவும் கேட்காமல் சேலை மாற்றிக்கொண்டு, கொண்டையை இறுக்கிக்கொண்டு வந்தார். காரில் கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மத்தியான வெயில். ஸ்கூடாய் வந்தது. செனாய் வந்தது. அவர் உதடு அசைகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அசையவில்லை.

கூலாய் தாண்டியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மிஸ்ஸி, அன்னைக்கு அவகிட்ட ஒண்ணு சொன்னீங்க. தெரிய வந்தா, கேட்டா, சொல்றேன்னு."

"ஓம்."

"இன்னைக்குக் கேட்டா?"

"சொல்வேன்."

அதற்குப் பிறகு செடெனாக் வரை இருபக்கமும் எண்ணெய்ப் பனை வந்துகொண்டே இருந்தது. இவரை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

கூடத்தில் சன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். சாமிப் படங்களுக்குக் கீழே கோயில் விபூதி, குளிர்ந்த தண்ணீர், மடித்த துண்டுகள். நோயாளிகளை வீட்டிலேயே வந்து பார்க்கிற நர்ஸ் ஒருவர், தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்து, வலி மருந்து இடைவிடாமல் இறங்கும்படி செய்துவிட்டுப் போயிருந்தார். மிஸ்ஸி முதலில் அதைத்தான் பார்த்தார். குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய், மருந்து இறங்கும் சின்னப் பெட்டியைப் பார்த்து, அம்மாவிடம் அந்த நர்ஸ் எப்போது வந்தார், மறுபடி எப்போது வருவார், வாங்கிவைத்த மருந்து போதுமான அளவு இருக்கிறதா என்று கேட்டார். அம்மா பதில் சொன்னார். இருவரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. "மைலோ கலக்கறேன்" என்று அம்மா சமையல்கட்டுக்குள் போனார்.

மிஸ்ஸி கட்டிலில் உட்கார்ந்தார். தர்ஷினி கண்ணைத் திறக்க நேரமானது. முடி மறுபடியும் இல்லை. முகம் பாதியாகியிருந்தது.

"மிஸ்ஸி."

"ஓம்."

"நாளைக்கு ஊசி இருக்கா?"

"இல்ல."

"நாளன்னைக்கு?"

"இல்ல. இனிமே ஊசி இல்ல."

அவள் மிஸ்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி இப்போது வரப்போகிறது என்று நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். சமையல்கட்டில் அம்மா மைலோ கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வலிக்குமா மிஸ்ஸி?"

மிஸ்ஸி மருந்துப் பெட்டியை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, ஊசி போடும்போது பார்ப்பாரே, அதே மாதிரி அவள் கண்ணைப் பார்த்தார்.

"இல்ல கண்ணு. இனிமே வலிக்காது."

தர்ஷினி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஊர்ப்பேரு சொல்ல வேணாமா?"

"வேணாம். வீட்டுலதானே இருக்க."

"சரி" என்றாள். மிஸ்ஸியின் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. வலிக்காதபோது சொல்கிறேன் என்று மிஸ்ஸி சொன்னது அந்த அம்மாவிடம்தான். அவர் வெளியே வரவில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தபோது, கலக்கிய கோப்பைகள் மேலே ஆறிக்கொண்டிருக்க, அரிசி வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடத்திலிருந்து மிஸ்ஸி எழுந்து வரவில்லை. அவர் கை தர்ஷினியிடம் இருந்தது.